மலை இறக்கமும் முழங்கால் வலியும்: பார்த்ததைப் பகிருங்கள்

பிசியோதெரபி, குன்னூர்:
மேடு ஏறினால் மூச்சு வாங்கும். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்தசைதான் உடம்பைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அதில் பலம் இல்லையென்றால் பாரம் முட்டியில் விழும். படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்குகிற பெரியவர்களைப் பாருங்கள், புரியும்.

பலத்தைச் சோதிக்க ஒன்றரை அடி உயர நாற்காலி போதும். சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 தடவை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை தளர்ந்திருக்கிறது. அதே நாற்காலிதான் பயிற்சியும்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், 8 தடவை, இரண்டு சுற்று. பலரும் எழுவதை ஒழுங்காகச் செய்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். இறக்கத்துக்கு வேண்டிய பலம் அதில்தான் வருகிறது.

ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேரே வரணும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில். அடி ரப்பர் மொழுக்கென்று தேய்ந்துவிட்டால் மழைக்காலப் பாசியில் நிற்காது. மாற்றிவிடுங்கள்.

மருந்துக்கடை, கோத்தகிரி:
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வழக்கமா வாரத்துக்கு ஒண்ணுதான் எழுதுவாங்க. தினம் ஒண்ணுன்னு நினைச்சு சாப்பிடறவங்க இருக்காங்க. ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தாகம், கடைசியில கிட்னி வரைக்கும் போகும். கால்சியம் கார்பனேட் மாத்திரைன்னா சாப்பாட்டோட. தைராய்டு மாத்திரைக்கும் அதுக்கும் 4 மணி நேர இடைவெளி.

சத்துணவு ஆலோசனை, ஊட்டி:
கண்ணாடி வராந்தாவில் உட்கார்ந்து குளிர் காய்ந்தால் இதம் கிடைக்கும், டி கிடைக்காது. தோலில் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மஞ்சு விலகின நாளில் 11 மணிக்கு மேல் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு வெளியே உட்காருங்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கி. கால்சியம், நாளைக்கு வேண்டியது 1000. களி மட்டும் போதாது, பாலோ தயிரோ வேணும். தசைக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம். கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபி, குன்னூர்:
வழுக்கி விழுந்தவரின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். தைலம் தேய்க்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள். காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.