கணக்கு டீச்சரை ஓ.எம்.ஆர். தாளை வச்சே தேர்ந்தெடுக்கலாமா? (வேலூர் மாவட்டப் பள்ளிகள்)

பாலாற்றங்கரை:
2024 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில வேலூர் மாநிலத்துலயே கடைசி, 82.07 சதவீதம். முதலிடம் அரியலூர், 97.31. 2025லயும் நமக்குக் கடைசி இடந்தான். ரிசல்ட் அன்னைக்கு நாலு பேர் திட்டுவோம், அப்புறம் மறந்துடுவோம்.

கணக்கு ஆசிரியரை எப்படி எடுக்கறாங்கன்னு பாருங்க. டெட்னு சொல்ற ஆசிரியர் தகுதித் தேர்வுல இரண்டாம் தாள் 150 மார்க். கணக்கு, அறிவியல் ரெண்டும் சேர்த்தே 60தான். மீதி உளவியல், தமிழ், ஆங்கிலம். அதுக்கு மேல 2018 அரசாணைப்படி தனியா ஒரு போட்டித் தேர்வு, அதுவும் ஓ.எம்.ஆர். தாள்ல வட்டம் நிரப்பறதுதான். ஒரு தடவைகூட போர்டு முன்னாடி நிக்கச் சொல்லிப் பாக்காம வேலைக்கு எடுத்துடறாங்க. டூவீலர் லைசென்ஸுக்கே எட்டு போட்டுக் காட்டணும்! 20 நிமிஷம் மாதிரி வகுப்பு வைக்கணும், அதுக்கு மார்க் போடணும். இதான் என் கட்சி.

குடியாத்தம் பி.டி.:
சார், நான் அரசுப் பள்ளியில கணக்குப் பட்டதாரி ஆசிரியர். அந்த மார்க்கை யார் போடுவாங்க? அந்த அறைக்கு வெளிய யார் நின்னு பேரம் பேசுவாங்க? சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஓ.எம்.ஆர். தாள் ஒண்ணுதான் துணை. பழைய பரீட்சை மார்க்கையெல்லாம் சேர்த்து ஆள் எடுத்த வெயிட்டேஜ் கூத்து ஞாபகம் இருக்கா? 2014ல பிளஸ் டூவுக்கு 10, டிகிரிக்கு 15, பி.எட்.டுக்கு 15, டெட்டுக்கு 60. மார்க்கை அள்ளிப் போடாத காலத்துல பிளஸ் டூ முடிச்ச சீனியருங்க டெட் பாஸ் பண்ணியும் வெளிய நின்னாங்க. நியாயமான முறைன்னு சொல்லித்தான் அதையும் கொண்டுவந்தாங்க.

இன்னொண்ணு, நல்ல ஆளையே எடுத்தீங்கன்னு வைங்க. உள்ள வந்து என்ன பண்ணுவார்? பத்தாவது கணக்குத் தாள்ல ஒரு மார்க் கேள்வி 14. வடிவியல் 8, வரைபடம் 8. மொத்தம் 30 ஆச்சா? பாஸுக்கு இன்னும் 5. ஜனவரி பொறந்தா ‘மெல்லக் கற்போர்’ பட்டியல், பாஸுக்கு மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியல், சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ். தொடுகோடு வரையற படிகளைப் பையன் மனப்பாடமா ஒப்பிப்பான், உதவிப்படம் அழகாப் போடுவான். தொடுகோடுன்னா என்னன்னு கேட்டா முழிப்பான்.

ஒன்பதாவதுல −3 − 5 எவ்வளவுன்னு கேளுங்க. ‘8 சார், மைனஸ் மைனஸ் பிளஸ்’னு கோரஸா வரும். அது பெருக்கல் விதி, கூட்டல்ல கொண்டுவந்து ஒட்டிக்கறாங்க. இதைச் சரிபண்ண எண்கோடு வரைஞ்சு, கடன் கணக்கு சொல்லி ஒரு வாரம் உக்காரணும். அந்த வாரத்தை யார் தரா? ‘போர்ஷன் எங்க இருக்கு’ன்னு கேட்பாங்க.

ஓட்டேரி:
கண்டவங்களையும் உள்ள விட்டதும் ஒரு காரணம்னு பக்கத்து இழையில ஒருத்தர் எழுதியிருந்தார். 2019 கடைசியில பி.இ.யோட பி.எட். முடிச்சவங்களும் டெட் எழுதி 6–8க்குக் கணக்கு எடுக்கலாம்னு ஆணை வந்துச்சே, அதைத்தான் குத்திக் காட்டறார். நானும் அந்தக் ‘கண்டவங்க’ளில் ஒருத்தன்தான். இன்ஜினியரிங்ல நாலு செமஸ்டர் கணக்கு போட்டவனுக்கு ஏழாவது பின்னம் நடத்த வராதா?

ஆற்காட்டுப் பழசு (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்):
தம்பி, போடத் தெரிவது வேறு, நடத்தத் தெரிவது வேறு. எம்.எஸ்ஸி. தங்கப் பதக்கம் வாங்கியவரே 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளை ஏன் அப்படி எழுதுகிறது என்று புரியாமல் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களை மட்டும் சொல்லவில்லை.

ஓட்டை பி.எட்.டில் இருக்கிறது. 2015 முதல் இரண்டு வருடப் படிப்பு, அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். பெயர்தான் பயிற்சி. வருகிற பிள்ளைகளை லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்பிவிடுவோம், இல்லையென்றால் எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவில் உட்கார வைப்போம். ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். அவர்கள் எடுக்கும் பாடத்தைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பவர் யார்?

ஜப்பானில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று குறிப்பெடுப்பார்கள். பிறகு பாடத்தைத் திருத்தி வேறொரு வகுப்பில் நடத்துவார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் நம் குறுவளமையக் கூட்டத்தில் பிபிடி ஓடுகிறது, தேநீர் வருகிறது, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போகிறோம்.

இப்போது இன்னொரு கூத்து. 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, டெட் தேறாமல் பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும். இருபது வருடம் கணக்கு நடத்தியவர் ராத்திரியில் உளவியல் பகுதிக்காகப் பியாஜேயின் குழந்தை வளர்ச்சி நிலைகளை மனப்பாடம் செய்கிறார்.

பாலாற்றங்கரை:
ஐயா சொல்ற மாதிரி ஒண்ணு நியூயார்க்குலயும் இருக்கு. ஜிம் சைமன்ஸ்னு ஒரு கணித மேதை, பங்குச் சந்தையில பெரும் பணம் பாத்தவர், 2004ல ‘மேத் ஃபார் அமெரிக்கா’ ஆரம்பிச்சார். அரசுப் பள்ளியில ஏற்கெனவே நல்லா நடத்தறவங்களைத் தேர்ந்தெடுத்து நாலு வருஷத்துக்கு உதவித்தொகை. அவங்க கூடிக் கூடிக் கணக்கும் படிக்கறாங்க. இங்கயும் கணக்குக்குத் தனிப் படி கொடுத்தா ஐ.டி.க்கு ஓடறவங்க நிப்பாங்கல்ல?

குடியாத்தம் பி.டி.:
தனிப் படியா? மறுநாளே ஸ்டாஃப் ரூம்ல தமிழ் ஐயா என்கூடப் பேச மாட்டார். :) இங்க சம்பளம் பிரச்சினையே இல்ல சார். அடிப்படைச் சம்பளமே 36,400ல ஆரம்பம். பிரச்சினை காத்திருப்பு. பல வருஷம் பெருசா நியமனமே இல்லாம, 2023 அக்டோபர்ல 2,222 இடத்துக்கு அறிவிப்பு வந்து, 2024 பிப்ரவரியில பரீட்சை வச்சாங்க. அதுவரைக்கும் நல்ல பசங்க சும்மா உக்காந்திருப்பாங்களா? பேங்க் கோச்சிங்ல கணக்கு சொல்லிக்கொடுக்கப் போயிட்டாங்க.

ஒடுகத்தூர் அம்மா:
நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன். மலையடிவாரப் பள்ளிக்கூடம், பேரு வேணாம். கணக்குக்கு ஆளே இல்லாம, குழு மூலமா ஒரு பொண்ணை 15,000 ரூபாய்க்கு எடுத்தோம். எம்.எஸ்ஸி. பி.எட். கல்லு, புளியங்கொட்டை எல்லாம் வச்சு நடத்துச்சு, பிள்ளைங்க உசுரா இருந்தாங்க. இடமாறுதல் கலந்தாய்வுல ரெகுலர் டீச்சர் வந்தாரு, அந்தப் பொண்ணை நிறுத்திட்டாங்க. அவரு அடுத்த கலந்தாய்வுலயே காட்பாடி பக்கம் மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டா, வேலூர்ல பிரைவேட் ஸ்கூல்ல சேந்துட்டேன்னுச்சு. இதுல எந்தப் பரீட்சை வச்சு என்னண்ணா பண்ணுவீங்க?

பாலாற்றங்கரை:
அக்கா சொல்றதுக்குப் பதில் இல்ல. மலைக்கும் அடிவாரத்துக்கும் போறவங்க குறைஞ்சது மூணு வருஷம் மாறக் கூடாதுன்னு வைக்கணும். ஆனா பி.டி. சார், மாதிரி வகுப்பை நான் விடலை. நியமனத்துக்கு முன்னாடி வேணாம்னா தகுதிகாண் பருவத்துல வைங்க. ரெண்டு வருஷம் இருக்கில்ல?

குடியாத்தம் பி.டி.:
அதுக்கு ஒத்துக்கறேன், ஆனா பாக்க வர்றவர் கணக்கு படிச்சவரா இருக்கணும். தேர்ச்சி சதவீதத்தைக் கையில எடுத்துட்டு வரக் கூடாது. ஆறாவது ஏழாவதைப் பாக்கட்டும். பத்தாவதுக்கு வந்தா நான் தொடுகோட்டு டிரில்தான் காட்டுவேன், வேற வழியில்ல.

ஓட்டேரி:
மலைக்கு மூணு வருஷம்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர நான் ரெடி. மெரிட்ல இன்னும் என் நம்பர் வரலை, அவ்ளோதான்.

ஒடுகத்தூர் அம்மா:
வாங்க தம்பி, தங்க வீடு பாத்துத் தரேன். அது வரைக்கும், கலந்தாய்வு லிஸ்ட்ல எங்க இடத்தைக் காலின்னு காட்டறாங்களா இல்லையான்னு எங்க போய்ப் பாக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. எச்.எம்.மைக் கேட்டா எமிஸ்ல ஏத்தியாச்சுங்கறாரு.