குடும்பத்துக்கும் ஆகணும், ஓட்டவும் ஆசையா இருக்கணும்: ரெண்டாவது கார் எதை எடுக்கலாம்?

ஆழியார்40 (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் 2019 மாடல் எர்டிகா இருக்கிறது. பழனிக்கு ஏழு பேர், தீபாவளிக்கு ஊருக்கு மூட்டை முடிச்சோடு என்று எதற்கும் சளைக்காத வண்டி. அதை விற்கப் போவதில்லை. என் மனைவிக்கு இப்போது பீளமேட்டில் வேலை, எனக்குச் சரவணம்பட்டியில். பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு மூன்று. இருவர் பள்ளியும் எதிரெதிர் திசை. ஆக, இரண்டாவது கார் தேவைதான், ஆடம்பரம் இல்லை.

தேவைக்கு மட்டும் என்றால் ஏதாவது ஒரு சின்ன வண்டியை எடுத்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு ஒரு ஆசையும் இருக்கிறது.

அப்பா பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு லாரி ஓட்டியவர். ஏறும்போது அரிசி, மளிகை. இறங்கும்போது தேயிலை. பள்ளி லீவில் நானும் கேபினில் தொற்றிக்கொள்வேன். ஆழியார் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பார். ஸ்டீயரிங்கை ஒரே இழுப்பில் வளைப்பார். பிறகு பிடியைத் தளர்த்திவிடுவார். அது அவர் உள்ளங்கையை உரசிக்கொண்டே தானாக நேர்நிலைக்குத் திரும்பும். காய்ப்புக் காய்த்த கையில் அது ஓடும் "சர்ர்" சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. முழு லோடு ஏற்றிய லாரியில் கிடைத்த அந்தச் சுகம் என் எர்டிகாவில் எனக்குக் கிடைக்கவில்லை. அது வேறு வேலைக்குப் பிறந்த வண்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வேகம் எனக்கு வேண்டாம். அந்தச் சாலையில் வேகமாகப் போகவும் கூடாது. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பக்கம் வரையாடு சாலையோரத்திலேயே நிற்கும். மூன்றாவது கியரில் நாற்பதில் போகும்போது கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பேச்சு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்ஜெட் பன்னிரண்டு லட்சம், பழைய வண்டியும் சரி. மேனுவல் கியர் கட்டாயம். பின்சீட்டில் குழந்தை சீட் ஒன்று மாட்ட வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, மாதம் இரண்டு முறையாவது இந்த வண்டியில் ஏறுவார். மனதில் இருப்பவை: போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஐ20 என் லைன், ஸ்விஃப்ட், ஸ்லாவியா அல்லது விர்ட்டஸ். ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காடு_இருபது (சேலம்)

நண்பரே, போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல் நாலு வருடமாக என்னிடம் இருக்கிறது. போலோவில் இந்த எஞ்சின் 2020-இல் வந்தது, 2022-இல் போலோவே நின்றுபோனது. 110 பிஎஸ் சக்தி, 175 என்எம் இழுவிசை, ஆறு கியர். மாதம் ஒருமுறை விடியற்காலையில் ஏற்காடு போய் ஒரு காப்பி குடித்துவிட்டு இறங்குவேன். 20 வளைவிலும் வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். கதவை மூடும்போது வரும் "தொப்" சத்தத்துக்கே இந்த வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நேசிக்கிறவன் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு இது ஆகாது. நான் ஐந்தடி பத்து அங்குலம். எனக்குத் தோதாக முன்சீட்டைத் தள்ளிவிட்டால் பின்னால் பெரியவர்கள் முட்டியை வைக்க இடமில்லை. டிக்கி 280 லிட்டர், அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய சாமான்களுக்கு எர்டிகா இருக்கிறதே. ஆனால் முட்டி வலிக்கிற அம்மாவை அந்தப் பின்சீட்டில் உட்கார வைக்க உங்களுக்கே மனசு வராது. எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான், அதனால் ஓடுகிறது.

இன்னொன்று. மலையில் இந்த மூன்று சிலிண்டர் டர்போ 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும். வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்க மறந்தால் வண்டி திணறி நிற்கும். பழகினால் சரியாகிவிடும். உங்கள் அப்பா மாதிரி முன்கூட்டியே கியர் குறைக்கிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை.

ஓஎம்ஆர்_அம்மா (சென்னை)

அண்ணா, பதிவை இரண்டு முறை படித்தேன். அம்மா, பையன், பாப்பா எல்லோரும் இருக்கிறார்கள். இந்தக் காரைத் தினமும் ஓட்டப்போவது யார்? அண்ணிதானே? அவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே.

எங்கள் வீட்டில் ஐ20 என் லைன். நான்தான் ஓட்டுகிறேன். துரைப்பாக்கம் சிக்னலில் முக்கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போவது என் இடது கால், என் கணவர் கால் இல்லை. அதனால் கிளட்ச் எப்படி இருக்கிறது என்று நான்தான் ஓட்டிப் பார்த்து முடிவெடுத்தேன். 120 பிஎஸ், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20-ஐ விட இறுக்கமான சஸ்பென்ஷன், கொஞ்சம் கனமான ஸ்டீயரிங். ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமல்லபுரம் வரை தனியாகப் போய்விட்டு வருவேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்கு. அந்த ஆசை பெண்களுக்கும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

பழையது வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். 2021-இல் வந்த என் லைனில் ஐஎம்டி கியர், அதாவது கியர் நாம் போடலாம், கிளட்ச் பெடல் கிடையாது. கிளட்சோடு ஆறு கியர் மேனுவல் 2023 செப்டம்பர் மாடலிலிருந்துதான். ஆறு ஏர்பேகும் அப்போதுதான் எல்லா வண்டிக்கும் வந்தது. விளம்பரத்தில் "மேனுவல்" என்று போட்டிருந்தாலும் போய்ப் பாருங்கள்.

குழந்தை சீட்டை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். குழந்தை சீட்டைப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கு என்று சொல்வார்கள். சில வண்டிகளில் அது மெத்தைக்குள் புதைந்திருக்கும், விரல் நுழையாது. சீட்டை நீங்களே மாட்டி, பாப்பாவை உட்கார வைத்து, அவள் கால் முன்சீட்டை உதைக்கிறதா என்று பாருங்கள். உதைத்தால் வாளையார் தாண்டுவதற்குள் அண்ணிக்கு முதுகு போய்விடும்.

பட்டறை_பீளமேடு (கோவை)

தம்பி, இருபத்திரண்டு வருசமா வண்டி வேலை பாக்கறனுங்க. உங்கப்பாவைப் பத்தி நீங்க சொன்ன விசயம் ஸ்டீயரிங் தானா திரும்பறது. அது முன்சக்கரத்தோட சாய்மானத்துலயும் அலைன்மென்ட்லயும் இருக்கு, டயர்ல இருக்கு, சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ல இருக்கு. நல்ல வண்டியில கூடப் புஷ் தேஞ்சா அந்தச் சுகம் போயிரும். அதனால எந்த மாடல்னு முடிவு பண்றதுல பாதி வேலைதான் முடியுது. அந்த மாடல்ல எந்த வண்டியை எடுக்கறதுங்கறது மீதிப் பாதி.

வண்டி பாக்கப் போறப்ப காலைல போங்க. முந்தின நாள் ராத்திரியில இருந்து ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருக்கச் சொல்லுங்க. பானெட்டுல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏற்கெனவே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஏன்னு கேளுங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2322-னா 2022-ல இருபத்திமூணாவது வாரம் செஞ்ச டயர். நாலு டயருக்கும் தேதி ஒத்து வரணும். பதினஞ்சாயிரம் ஓடுன வண்டின்னு சொல்லி, டயர் மட்டும் புதுசா இருந்தா மீட்டரை நம்பாதீங்க. சர்வீஸ் பில்லுல இருக்கற கிலோமீட்டரை வரிசையா வெச்சுப் பாத்தாலே தெரிஞ்சுரும். இன்ஷூரன்ஸ்ல நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காததுக்குக் கிடைக்கற தள்ளுபடி) திடீர்னு பூஜ்யமாயிருந்தா எதுக்கு க்ளெய்ம் வாங்கினாங்கன்னு விசாரிங்க.

டர்போ வண்டியா இருந்தா எஞ்சின் ஆயில் பில்லு ஒண்ணுகூட விடுபடக் கூடாது. 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டின்னா, இப்ப பங்க்ல வர்ற இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குக் கம்பெனி என்ன சொல்லியிருக்குன்னு பெட்ரோல் மூடி ஸ்டிக்கர்லயும் மேனுவல்லயும் பாத்துருங்க.

ஸ்விஃப்ட் கேட்டிருந்தீங்க. எடை ஆயிரம் கிலோவுக்குள்ள, கைக்கு நல்லா வளையும், செலவு கம்மி. தனி ஆளா இருந்தா அதையே எடுங்கன்னு சொல்லியிருப்பேன். ஆனா பழைய மாடலுக்கு 2022-ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில அஞ்சுக்கு ஒத்த ஸ்டார்தான் வந்துச்சு. ஐ20-க்கு அதே வருசம் மூணு, அது ரெண்டு ஏர்பேக் இருந்த வண்டிக்கு. ஸ்லாவியாவுக்கும் விர்ட்டஸுக்கும் 2023-ல அஞ்சு. பின்னால ரெண்டு புள்ளைக உக்காருது. நான் இதுக்கு மேல சொல்லலீங்க.

ஆழியார்40 (கோவை)

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் சென்னைச் சகோதரிக்கு. நீங்கள் கேட்டது சுரீரென்று பட்டது. அன்று இரவே மனைவியிடம் கேட்டேன். "எனக்கு அவிநாசி ரோட்டுல வண்டி பின்னால எங்க முடியுதுன்னு தெரியணும், கிளட்ச் கால் வலிக்கக் கூடாது, குழந்தைகளுக்குப் பாதுகாப்பா இருக்கணும். மத்ததை நீங்க பாருங்க" என்றாள். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மூன்று வண்டி பார்த்தோம். போலோ, சேலம் நண்பர் சொன்னபடியேதான். ஓட்டியபோது மனசு துள்ளியது, அம்மா பின்னால் ஏறியபோது அடங்கிவிட்டது. என் லைன் மனைவிக்கு மிகவும் பிடித்தது. குழந்தை சீட் சுலபமாக மாட்டியது, எங்கள் சந்தில் திருப்ப இலகுவாக இருந்தது. அதன் ஸ்டார் கணக்கை அவளிடம் சொன்னேன். இப்போது ஆறு ஏர்பேக் வருகிறது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐந்து இருக்கிறதை ஒருதடவை பார்த்துவிடுவோம்" என்றாள்.

ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ மேனுவல், 2022 மாடல், ஒரே ஓனர். பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்கிறார். 150 பிஎஸ் என்று படித்தபோது எனக்குத் தேவையில்லாத கனம் என்று நினைத்தேன். ஓட்டியபோதுதான் புரிந்தது, எனக்கு முக்கியம் அந்த 150 இல்லை, 1,600 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடும் 250 என்எம். மருதமலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக வந்து வளைத்தேன். லேசாக மிதித்ததும் திணறாமல் ஏறியது. பிடியைத் தளர்த்தினேன். லாரி மாதிரி சத்தம் இல்லை, என் கையில் காய்ப்பும் இல்லை. ஆனால் ஸ்டீயரிங் அதேபோல உரசிக்கொண்டே திரும்பி வந்தது.

அம்மாவுக்கு வண்டி தாழ்வு, உட்கார்ந்து எழ சிரமப்பட்டார். விற்பவரின் தாயார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் முட்டி அறுவை சிகிச்சை ஆனதாம். "ஒரு காலை உள்ளே வெச்சு ஏறாதீங்கம்மா. முதுகைத் திருப்பி முதல்ல சீட்டுல உக்காருங்க, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள தூக்குங்க" என்று செய்தே காட்டினார். அம்மா இரண்டாவது தடவை யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். பாப்பாவின் சீட் பக்கத்தில் இருக்கும்போதே பாட்டிக்குக் காலை நீட்ட இடம் இருந்தது.

எனக்கு ஒரே உறுத்தல், நீளம். எர்டிகாவை விடப் பதினைந்து சென்டிமீட்டர் கூட. வாசலில் டேப் வைத்து அளந்தோம், கேட்டை மூடினால் ஒரு சாண் மிச்சம். ரிவர்ஸ் கேமரா இருப்பதால் மனைவி சமாளித்துக்கொள்வேன் என்கிறாள். இரண்டு தடவை எடுத்தும் விட்டாள். கிளட்ச் என் லைனை விடக் கொஞ்சம் கனம்தான் என்று நேர்மையாகச் சொன்னாள், ஆனால் பழகிவிடுமாம்.

பீளமேடு அண்ணா, டயர் எண்ணைப் பார்த்தேன். மூன்று ஒத்துப்போகிறது, இடது பின்பக்கம் மட்டும் 2024. ஆணி ஏறி பக்கவாட்டில் கிழிந்ததால் மாற்றினேன் என்று பில் காட்டினார். சர்வீஸ் பில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. புதன்கிழமை காலை எட்டரைக்கு வண்டியை உங்கள் பட்டறைக்குக் கொண்டு வரலாமா?

பட்டறை_பீளமேடு (கோவை)

இங்க ஓட்டிட்டு வந்தா சூடாயிருமுங்க தம்பி. அவங்க வீட்டு விலாசத்தைத் தனியா அனுப்புங்க, ஏழு மணிக்கு நானே ஸ்கேனரோட வந்தர்றேன். நான் வர்ற வரைக்கும் சாவி போட வேண்டாம்னு சொல்லி வைங்க. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, கிளட்ச் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு காட்டிச் சொல்றேன். தேஞ்ச கிளட்ச்தான் கனமா இருக்கும். புதுசு மாத்தினா அவங்களுக்கு லேசாயிரலாம், அந்தக் காசை விலையில கொறைச்சுக் கேக்கலாம்.