புதுப்பிப்பு: தரைப்பலகை பிளக்காமல் வந்தது

லண்டனில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய எங்கள் வீட்டில், மாடி அறைக்குப் புது சாக்கெட் வைக்க, அடியில் கேபிள் இழுப்பதற்காக மரத் தரைப்பலகையை உடைக்காமல் எப்படித் தூக்குவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேலை முடிந்தது.

எங்களுடையவை ஒன்றோடொன்று கோக்காத, நேர்விளிம்புப் பலகைகள். இடுக்கில் அகல உளியை விட்டு, ஆணி இருக்கும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினோம். மின்ரம்பம் வேண்டாம் என்று ஒருவர் எச்சரித்திருந்தீர்களே, உங்களுக்குத் தனியாக நன்றி. மூன்றாவது பலகைக்கு அடியிலேயே, வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் ஓடுகிற ஹீட்டிங் குழாய்! பலகைகளை அடியிலிருந்து தாங்கும் மரக்கட்டையின் (தாங்குகட்டை) மேல்புறத்தை வெட்டி, பலகையை ஒட்டிப் பதித்திருக்கிறார்கள். ரம்பம் போட்டிருந்தால் வீடே நனைந்திருக்கும்.

கேபிளுக்கும் அப்படியே பள்ளம் வெட்டலாமா என்று கேட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணா கண்டிப்பாக மறுத்துவிட்டார். உலோகக் காப்பு இல்லாத கேபிள், கட்டையின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் கீழே போகவேண்டும்; இல்லையென்றால் பின்னால் யாராவது அடிக்கும் ஆணி அதில் இறங்கிவிடும். கட்டையின் உயரத்துக்கு நடுவில் துளை போட்டு இழுத்தார். துளையும் அந்த உயரத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாதாம்.

பலகைகளை ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போட்டு மூடினேன். குழாய் போகும் வழியைப் பலகைமேல் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மகள் அந்த அறைக்கு மாறுகிறாள்.