மறுமொழி: எண்ணெய்க் கிணற்றுக்குள் அமிலம் இறக்கும் வேலைக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வரத்து குறைந்த எண்ணெய்க் கிணற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தி, எண்ணெயை மறுபடி வரவைக்கும் வேலைக்குச் சொல் தேடுகிறேன். வேதியியலாளர் ஹெர்மன் ஃபிராஷ் 1896இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் 1932இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டவ் வேதிப்பொருள் நிறுவனத்தார் ஆர்செனிக் சேர்த்துக் குழாய் அரிப்பை அடக்கிய பிறகுதான் இது பரவியது. ஆங்கிலத்தின் ‘stimulation’ஐ ஒட்டித் ‘தூண்டல்’ என்றால் மின்காந்தத் தூண்டலோடு குழம்பும். ‘அமிலமூட்டல்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

ஐயா, ஊட்டினால் உடம்பில் சேரவேண்டும். இங்கே வேலை முடிந்ததும் வலுவிழந்த அமிலம் கிணற்றின் வழியே வெளியே வந்துவிடுகிறது. நம்மிடம் ‘தூர்வாருதல்’ இருக்கிறதே! தூர்தல் என்றால் நிரம்பி அடைபடுதல். ‘அமிலத் தூர்வாரல்’ எனலாம்.

---

வாரினால் சேறு மேலே வரும். சுண்ணாம்புப் பாறையில் நடப்பது அதுவல்ல. அமிலம் பாறையையே தின்று புழு அரித்தது போலப் புதுத் துளைகள் போடுகிறது. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’யை நினைத்துப் பாருங்கள். தொடுதல் தோண்டுதல், ஊறுவதிலிருந்து ஊற்று, அதிலிருந்து ஊற்றுக்கண். கிணறு வெட்டுகிறவர் இன்றும் ‘கண் அடைச்சுப் போச்சு’ என்றுதான் சொல்கிறார். ‘ஊற்றுக்கண் திறப்பு’ என்பதை விட்டுவிடாதீர்கள்.

---

அமிலமே வடமொழி ‘அம்ல’த்திலிருந்து வந்தது. ‘காடி’ இருக்கும்போது எதற்குக் கடன்? ‘காடியேற்றம்’ என்போம்.

---

காடி என்றால் என் மாணவர்கள் புளித்த கஞ்சியைத்தான் நினைப்பார்கள், ஐயா. ‘திராவகம்’ என்று படித்த தலைமுறை போய், அமிலம் பாடப்புத்தகத்தில் ஊன்றிவிட்டது. அதை மறுபடி பிடுங்க வேண்டாம். ஊற்றுக்கண் அழகான சொல், ஆனால் வெடிவைத்தும் கண்ணைத் திறக்கலாம். அமிலம் என்பது சொல்லுக்குள்ளேயே தெரியவேண்டும்.

---

நான்கு பேர் ‘அமிலமூட்டல்’ போதும் என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள். அப்படியே அனுப்புகிறேன். ஊற்றுக்கண்ணை விளக்கவுரையில் சேர்க்கிறேன்.

---

சரி, அனுப்புங்கள், ‘அமிலமூட்டல்’ எனக்கு உடன்பாடில்லை என்பது பதிவாகட்டும். இன்னொன்று. மணற்பாறைக்கு 12% ஹைட்ரோகுளோரிக், 3% ஹைட்ரோஃபுளோரிக் கலந்த அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். உங்கள் பாடக்குறிப்பில் அதற்குச் ‘சேற்றமிலம்’ (mud acid) என்று இருக்கிறது. அது சேற்றாலான அமிலமில்லை. துளையிடும்போது பாறைக்குள் புகுந்த சேற்றையும் களிமண்ணையும் கரைப்பது. ‘சேறுகரை அமிலம்’ என்று மாற்றுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.