ஹோஸ்டிங் நிறுவனம் நம்பகமானதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கணிப்பது எப்படி?

சுவடிக்கூடம் (கேள்வி)

வணக்கம். நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, வேர்ட்பிரஸில் ஒரு தளமாக நடத்தி வருகிறேன். பிடிஎஃப் கோப்புகளும் அட்டைப்படங்களும்தான் அதில் பெரும்பகுதி. இப்போதுள்ள ஹோஸ்டிங்கில் தளம் அடிக்கடி திறக்காமல் போகிறது. புகார் அளித்தால், "எங்கள் சர்வர் சரியாகவே இயங்குகிறது" என்ற ஒரே பதில்தான் வருகிறது. சந்தா முடிவதற்குள் வேறிடம் மாறிவிட எண்ணுகிறேன்.

எந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தாலும் 99.9 சதவீத அப்டைம் (தளம் இயங்கும் நேரம்), அளவற்ற இடம், 24 மணி நேர உதவி என்று ஒரே வாசகங்கள் கண்ணில் படுகின்றன. "சிறந்த பத்து" கட்டுரைகளோ, ஒன்றில் முதலிடம் பெற்றதை இன்னொன்றில் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. நான் பெயர்ப் பரிந்துரை கேட்கவில்லை. ஒரு நிறுவனம் நம்பத்தக்கதா என்பதை, வாடிக்கையாளராகச் சேரும் முன்பே, எவற்றைக் கொண்டு எடைபோடலாம் என்பதை அறிய விரும்புகிறேன். நிரல் எழுதத் தெரியாது; சிபேனலும் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) எஃப்டிபியும் (கோப்புகளை ஏற்றும் வழி) பழக்கம்.

இரவுப்பணி

உங்கள் தளம் திறக்காத நேரத்திலும் "சர்வர் சரியாக இயங்குகிறது" என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்டைம் என்பது சர்வரும் நெட்வொர்க்கும் உயிரோடு இருப்பதை மட்டுமே குறிக்கும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங்குக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அதே நேரத்தில் தளத்தின் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் திணறிக்கொண்டிருந்தால் பார்வையாளருக்குத் தெரிவது தரவுத்தளப் பிழைச் செய்தி ஒன்றுதான், அந்த நேரம் அவர்கள் கணக்கில் பழுது நேரமாகவும் சேராது.

99.9 சதவீதம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் தளம் நின்றிருந்தாலும் வாக்கு தவறியதாகாது. மாதத்துக்கு அது சுமார் 43 நிமிடம். 99.99 என்றால் ஆண்டுக்கு 53 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முன்னறிவித்த பராமரிப்பு நேரத்தைப் பலரும் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வரம்பை மீறினாலும் கிடைப்பது, நின்ற நேரத்துக்கு ஈடாக அடுத்த கட்டணத்தில் சிறு கழிவுதான். அதுவும் பல இடங்களில் நாமே விண்ணப்பித்தால்தான் உண்டு. ஆகவே முகப்பில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, சேவை விதிமுறைகளில் "எது பழுதாகக் கருதப்படும்" என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். அந்தப் பத்தியே இல்லாத நிறுவனத்தை நான் அத்தோடு ஒதுக்கிவிடுவேன்.

"அளவற்ற இடம்" உங்களுக்கு இன்னும் பெரிய சிக்கல். வட்டின் இடத்தை அளக்காவிட்டாலும், ஐநோட் எனப்படும் கோப்பு எண்ணிக்கைக்கும், நினைவகத்துக்கும், பக்கங்களை உருவாக்கித் தர ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஹெச்பி செயல்முறைகளுக்கும் வரம்பு இருக்கும். நீங்கள் ஓர் அட்டைப்படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைச் சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் வெட்டித் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்ளும். இடம் தாராளமாக இருக்கும்போதே கோப்பு எண்ணிக்கை வரம்பைத் தொட்டுவிடும். தவிர, கோப்புச் சேமிப்புக் கிடங்காகத் தளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பல "அளவற்ற" திட்டங்களின் விதிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கும். பழைய இதழ்களின் பிடிஎஃப் தொகுப்பு அந்த விதிக்குள் வருமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

இந்தக் கேள்விகளையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். விடுமுறை நாளின் இரவில், ஐநோட் வரம்பு எவ்வளவு, பேக்கப் எந்த டேட்டா சென்டரில் வைக்கப்படுகிறது என்று கேட்டு எழுதுங்கள். பதிலில் எண்களும் இடமும் இருந்தால் அங்கே விஷயம் தெரிந்த ஒருவர் விழித்திருக்கிறார் என்று பொருள். விலைப் பக்கத்தின் சுட்டி மட்டும் வந்தால், பழுதான நாளிலும் உங்களுக்கு அதே சுட்டிதான் வரும்.

கோடைமழை

"சிறந்த பத்து" கட்டுரைகளைப் பற்றி ஒரு சொல். அவற்றில் உள்ள சுட்டிகள் வழியாக யாராவது சேர்ந்தால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைப்பது இத்துறையில் பரவலான வழக்கம். சில கட்டுரைகளின் அடியில் அதைச் சிறிய எழுத்தில் குறிப்பிட்டும் இருப்பார்கள். வெவ்வேறு பெயர்கள் என்பதால் வெவ்வேறு நிறுவனங்கள் என்றும் எண்ண வேண்டாம். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் நியூஃபோல்ட் டிஜிட்டல் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. அதில் தவறொன்றும் இல்லை; ஆனால் ஒன்றில் மனம் கசந்து மற்றொன்றுக்குப் போகிறவர் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பாராட்டுரைகளைவிட பழுதுகளை அறிவிக்கும், அந்த நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தை நான் அதிகம் நம்புவேன். கடந்த மாதங்களில் என்ன பழுதானது, எப்போது கவனித்தார்கள், காரணம் என்ன என்பதைத் தேதியோடு எழுதி வைத்திருப்பவர்கள், நாளை உங்களிடமும் மறைக்கமாட்டார்கள். எல்லாம் சரி என்று என்றுமே பச்சையாக இருக்கும் பக்கம் எனக்குச் சந்தேகத்தைத்தான் தருகிறது. முதல் ஆண்டு விலையையும் புதுப்பிக்கும்போது வரும் விலையையும் அருகருகே எழுதிப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம்பிரதி

இரவுப்பணி சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அப்டைமை முதல் அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பழைய இதழ் அரைமணி நேரம் திறக்காவிட்டால் வாசகர் மறுநாள் வருவார். அந்த இதழே அழிந்துபோனால் எந்த நிறுவனமும் அதைத் திருப்பித் தராது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுவதுமாக எரிந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றுக்கே இது நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். அசலும் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள். எனவே "தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்ற வரியைப் படித்தவுடன் கேட்க வேண்டியவை: அது வேறு நகரத்தில் உள்ளதா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், நானே தரவிறக்க முடியுமா, மீட்டுத் தரத் தனிக் கட்டணம் உண்டா. இவற்றுக்கு நல்ல பதில்கள் கிடைத்தாலும், உங்கள் கையில் தனியாக ஒரு பிரதி இருக்கத்தான் வேண்டும். அதை ஒருமுறையாவது வேறோர் இடத்தில் விரித்து, தளம் எழுகிறதா என்று பாருங்கள்; திறந்தே பார்க்காத ஸிப் கோப்பைப் பேக்கப் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

என்னுடைய அளவுகோல் வேறு: எளிதாக வெளியேற விடும் நிறுவனமே நம்பத்தக்கது. எஸ்எஸ்ஹெச் (சர்வரைக் கட்டளைகளால் நேரடியாக இயக்கும் வழி) அணுகல் தருகிறார்களா, முழுக் கணக்கையும் ஒரே கோப்பாக எடுக்க முடிகிறதா, அவர்களுக்கே உரிய ஏதோ ஒரு தளவமைப்புக் கருவியில் நம்மைக் கட்டிப் போடுகிறார்களா என்று பாருங்கள். தளத்தின் பெயரான டொமைனை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பதியாமல் வேறொரு பதிவாளரிடம், உங்கள் பெயரிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். "ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்" என்ற சலுகையை நான் ஏற்பதே இல்லை. பிணக்கு வரும் நாளில் வீட்டுச் சாவியும் அவர்களிடமே இருக்கும்.

சுவடிக்கூடம்

மூவருக்கும் நன்றி. இப்போதைய நிறுவனத்தின் விதிமுறைகளைப் படித்தேன். கோப்புக் கிடங்கு பற்றிய தடை அங்கேயும் இருக்கிறது. டொமைன் நல்லவேளையாகத் தனிப் பதிவாளரிடம் உள்ளது. மாறும்போது தளம் இடையில் நிற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? டொமைன் பெயரிலான மின்னஞ்சலும் இதே சிபேனலில்தான் இருக்கிறது.

இரவுப்பணி

டொமைன் எந்தச் சர்வரில் உள்ளது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில், அதைப் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற டிடிஎல் மதிப்பை முதலில் பாருங்கள். அது 86400 வினாடி என்றால் பழைய முகவரி ஒரு நாள் முழுதும் அவற்றின் நினைவில் தங்கும். மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே 300 ஆகக் குறைத்துவிடுங்கள். புதிய இடத்தில் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் ஏற்றி, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புதிய சர்வரின் எண் முகவரியான ஐபியை எழுதினால், ஊருக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் புதிய தளத்தைத் திறந்து சோதிக்கலாம். பாதுகாப்பான இணைப்புக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வழக்கமான முறையில் கேட்டால், டொமைன் புதிய சர்வருக்குத் திரும்பிய பிறகுதான் கிடைக்கும்; டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் முன்கூட்டியே பெறலாம். அதைச் செய்து தருவார்களா என்று புதிய நிறுவனத்திடம் கேளுங்கள்.

மின்னஞ்சலில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சிபேனலில், அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு பெரும்பாலும் டொமைன் பெயரையே சுட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் தளத்தின் ஐபியை மாற்றியவுடன் அஞ்சலும் புதிய சர்வரைத் தேடிப் போகும்; அங்கே அஞ்சல் பெட்டி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். பெட்டிகளை அங்கே முன்பே உருவாக்கி, பழைய அஞ்சல்களை ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலிருந்து படிக்கும் முறை) வழியாக நகலெடுத்து, அஞ்சல் போலியல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் மாற்றிவிடுங்கள். இயலுமானால் அஞ்சலைத் தனிச் சேவைக்கே கொண்டுபோவது நல்லது. பழைய கணக்கைச் சந்தா முடியும் நாள் வரை அப்படியே விட்டுவைத்து, தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் இன்றே அணைத்துவிடுங்கள்.