உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழும்புகிறது

அப்பாவுக்கு 61 வயது, சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். நாலு மாதமாக அறுந்த இழைக்கு முடிச்சுப் போட விரல் ஒத்துழைப்பதில்லை. நடந்தால் கால் விறைக்கிறது, செருப்பு கழன்றுவிடுகிறது. வலி இல்லை, சர்க்கரையும் இல்லை. ஊரில் எல்லாரும் வாயு என்கிறார்கள்!

தைலம், பி12 ஊசி, இடுப்பு எம்ஆர்ஐ எல்லாம் ஆயிற்று. இடுப்பில் ஒன்றுமில்லை.

போன வாரம் கோவையில் ஒரு டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார், கால் எகிறியது. சாவியால் உள்ளங்காலைக் கீறியதும் பெருவிரல் மேலே போனது, பாபின்ஸ்கி குறியாம், மூளையிலோ தண்டுவடத்திலோ நரம்புப் பாதை பாதிக்கப்பட்டதன் அடையாளம். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக மடங்குகிறது, அது ஹாஃப்மன் குறி, கையில் தெரியும் அதே மாதிரி அடையாளம். தாடையில் தட்டியபோது மட்டும் எதுவும் மிகையாக இல்லை. அதனால் கோளாறு தலைக்குக் கீழேதான் இருக்கும், கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு நரம்பியல் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தேதி மூன்று வாரம் கழித்துத்தான்.

அதுவரை காத்திருக்கலாமா, இல்லை இப்போதே கழுத்து எம்ஆர்ஐ எடுத்துவிடுவதா?