ஷவரில் தண்ணீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது? அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாட்டுத்தாவணி:
அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் லீவுக்கு வந்தபோது பெரிய வட்ட ஷவர் ஒன்று கொண்டுவந்தான். மாட்டினோம். நூல் நூலாக வடிகிறது. "மாமா, பெட்டியிலயே 2.5 ஜிபிஎம்னு போட்டிருக்கு, உங்க பிளம்பர்தான் சொதப்பிட்டார்" என்று ஒரே பேச்சு.

பிளம்பர் என்ன செய்வார், பாவம். ஜிபிஎம் என்றால் நிமிடத்துக்கு இத்தனை கேலன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர் (பிரிட்டிஷ் கேலன் 4.546, அதைப் போட்டுப் பெருக்கிவிடாதீர்கள்). ஆக, நிமிடத்துக்கு ஒன்பதரை லிட்டர் வருகிறது. ஆனால் அது 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் வரும் தண்ணீர். அந்த அழுத்தம் வேண்டுமென்றால் தொட்டியை 56 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும்! எங்கள் தொட்டியில் நீர்மட்டம் ஷவருக்கு மேலே 10 அடி, அதாவது 3 மீட்டர்.

அழுத்தம் ஏறக்குறைய 19-இல் ஒரு பங்காகிவிட்டது. நல்லவேளை, தண்ணீர் அதே அளவுக்குக் குறையாது. அழுத்தத்தின் வர்க்கமூலக் கணக்கில்தான் குறையும். 19-க்கு வர்க்கமூலம் 4.4, ஒன்பதரையை அதால் வகுத்தால் 2 லிட்டர் சொச்சம். வாளி வைத்துப் பிடித்தோம், 2 லிட்டர்கூட முழுசாக வரவில்லை. குழாய் உராய்வும் வளைவுகளும் மிச்சத்தைத் தின்றுவிட்டன. இப்போது பழைய ஷவரே திரும்ப ஏறிவிட்டது. மச்சினனுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பைப்ரிஞ்சு:
நான் வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் கேட்பது 20 லிட்டர் பெயின்ட் வாளியும் செல்போனும்தான். நிரம்ப 40 வினாடி ஆனால், 20-ஐ 60-ஆல் பெருக்கி 40-ஆல் வகுங்கள்: நிமிடத்துக்கு 30 லிட்டர். அளக்கும் முன் குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றி மண்ணைத் தட்டுங்கள், பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம், தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் லைனை அரை இஞ்சில் போடச் சொல்லிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முக்கால் இஞ்ச் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயின் உள்வாய்ப் பரப்பு அரை இஞ்சைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

மூன்றாம்மாடி:
எங்கள் வீட்டில் மோட்டார் தகராறு. மணிக்கு 2400 லிட்டர் என்று கடையில் சொன்னார்கள். 1000 லிட்டர் தொட்டி 25 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். ஆனது 40 நிமிடம், அதாவது மணிக்கு 1500 லிட்டர். மோட்டார் மேல் இருக்கும் விவரத் தட்டைத் துடைத்துப் பார்த்தால் 2400 என்பது 6 மீட்டர் ஹெட்டுக்கு (தண்ணீர் ஏற வேண்டிய உயரம், குழாய் உராய்வும் சேர்த்து), 24 மீட்டருக்கு வெறும் 600. எங்கள் மாடி உயரம் 12 மீட்டர், உராய்வையும் சேர்த்தால் 15 என்று வையுங்கள். மோட்டார் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. கடைக்காரர் பெரிய எண்ணை மட்டும் வாசித்திருக்கிறார்.

பைப்ரிஞ்சு:
எல்லாக் கடையிலும் அப்படித்தான். சில கேட்லாக்கில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று இருக்கும். 1 கன மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 16.67 லிட்டர். அதையும் உங்கள் ஹெட்டுக்கு நேரே இருக்கும் வரியில் பார்த்து வாங்குங்கள்.